இடப்பக்கம் நடப்பவள்

...அப்படியானால் முதல் நாளே எழுதி மடித்து வைத்துவிட்டார்கள், ஏலம் கூவுவதற்கு முன்பே மீன் யாருக்கு என்று முடிவாகிவிட்டது, அப்புறம் எதற்கு இந்த மாத்திரை, எதற்கு இந்த டெஸ்ட், எதற்குக் காலை ஏழு மணியிலிருந்து இந்தப் பெஞ்சில் உட்காரவைத்து... லியோனார்டுக்கு இந்த வேலையெல்லாம் தெரியாதா என்ன? காசிமேட்டில் இருபது வருஷமாக ஏலம் விடுகிறவன் அவன், லாஞ்சிலிருந்து மீன் இறங்கியதும் கூறு கூறாகக் கொட்டி, நடுவில் நின்று விலை கூவி, கடைசியாக யார் கூடக் கேட்டார்களோ அவர்கள் பக்கம் கையைக் காட்டுகிறவன். முந்தின நாளே டீக்கடையில் பேசி முடித்துவிட்டு மறுநாள் சும்மா ஒப்புக்குக் கூவுகிற ஏலங்களையும் பார்த்திருக்கிறான், கூவுகிறவன் தொண்டையில் ஒரு சோம்பல் இருக்கும், கேட்கிறவர்கள் முகத்தில் அவசரமே இருக்காது. அந்தச் சோம்பல்தான் டாக்டரம்மா முகத்திலும் இருந்ததா? சின்னப் பெண், மகிழினி என்று கோட்டில் பேர் குத்தியிருந்தது, மேல்படிப்புப் படிக்கிறதாம், அதற்கு ஒரு ஆராய்ச்சி செய்கிறதாம். திடீரென்று காது போனவர்களின் ரத்தத்தைப் பார்த்து, இவனுக்குக் காது திரும்பும், இவனுக்குத் திரும்பாது என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறதாம். ஜோசியம் பார்க்கிற கிளியாவது சீட்டைத்தான் எடுக்கும், இது ரத்தத்தை எடுக்கிறது. காது கேட்கவில்லை என்று வந்தவனின் கையை நீட்டச் சொல்லி இரண்டு குப்பி உறிஞ்சிக்கொண்டு, அப்புறம்தான் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அது ஏன் மாத்திரைக்கு முன்னால் ரத்தம்? அவன் கேட்டான், சும்மா விடவில்லை. மாத்திரை போட்டுவிட்டால் ரத்தத்தில் அணுக்களின் கணக்கு மாறிவிடுமாம், அதனால் முதலிலேயே எடுக்க வேண்டுமாம். வெள்ளை அணுவில் இரண்டு வகை இருக்கிறதாம், ஒன்றை இன்னொன்றால் வகுத்துக் கணக்குப் பார்ப்பார்களாம், ஒரு வகை ரொம்ப ஏறி இன்னொரு வகை இறங்கியிருந்தால் உள்ளே ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தமாம், அந்த மாதிரி ஆட்களுக்குக் காது லேசில் திரும்புவதில்லை என்று சில டாக்டர்கள் சொல்கிறார்களாம், "இது தீர்ப்பு இல்லீங்க, ஒரு கணிப்புதான், சரியா வருதான்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி" என்று அந்தப் பெண் இனிக்க இனிக்கச் சொன்னது. ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. போன வருஷம்தான் சுனாமிக் குடியிருப்புப் பக்கம் கிட்னி விற்ற கதை பேப்பர் பேப்பராக நாறியது, அங்கேயும் தாளில் கையெழுத்து வாங்கித்தானே செய்தார்கள்? சரி, ரத்தம்தானே, போகட்டும் என்று விட்டான். ஆனால் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பெண் பெரிய டாக்டரிடம் சொன்னது அவன் வலது காதில், நல்ல காதில், சுத்தமாக விழுந்தது. "சார், இவருக்குக் கணக்கு ஏழுக்கு மேல போகுது. திரும்புறது கஷ்டம்னு நினைக்கிறேன்." பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, "எழுதி வை" என்றார். எழுதியது. மடித்தது. ஒரு கவரில் போட்டு ஒட்டி, நோட்டுக்குள் செருகியது. ஒட்டுவானேன்? ஒளிக்க ஒன்றுமில்லை என்றால் கவர் எதற்கு?

அன்றையிலிருந்து அவனுக்குள் ஓடுவது ஒரே கணக்குதான். திரும்பாது என்று எழுதி வைத்தவள், திரும்பிவிட்டால் தோற்றுப்போவாள் இல்லையா, படிப்பு கெடும் இல்லையா, அப்போது எனக்கு நல்ல மாத்திரையாகக் கொடுப்பாளா? பக்கத்துப் பெஞ்சில் இருந்த ரயில்வேக்காரருக்கு வெள்ளை மாத்திரை, இவனுக்கும் வெள்ளைதான், ஆனால் அவருடையது கொஞ்சம் பெரிசாகத் தெரிந்தது. பெண்டாட்டி ஆலிஸிடம் சொன்னதற்குத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கென்ன. இந்த மாத்திரை தின்றால் தூக்கம் வராது, பசி எடுக்கும், கோபம் வரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அதை வைத்துக்கொண்டு இப்போது அவன் எதைக் கேட்டாலும் "மாத்திரை பேசுது" என்கிறாள். சந்தேகப்படுவதுகூட மாத்திரையின் வேலையா? அப்படியென்றால் போன வருஷம், முந்தின வருஷம் எல்லாம் அவன் பட்ட சந்தேகம் எந்த மாத்திரை? அவன் பிறந்ததிலிருந்தே இப்படித்தான், ஏலக்காரனுக்குச் சந்தேகம் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் அவனையே கூறுபோட்டு விற்றுவிடுவார்கள்.

காது போனபோதும் அவன் முதலில் சந்தேகப்பட்டது காதை இல்லை, செல்போனை. ஒரு செவ்வாய்க்கிழமை விடியுமுன் லாஞ்ச் ஓனர் போன் அடித்தார், மீன்பாடு நிறைய, சீக்கிரம் வா என்று சொல்ல. வழக்கம்போல இடது காதில் வைத்தான், ஒன்றுமில்லை, ஹலோ ஹலோ என்று கத்தினான், உதறினான், மூர் மார்க்கெட்டில் வாங்கிக் கொடுத்தவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். பாயில் படுத்திருந்த ஆலிஸ் எழுந்து போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள், "ஓனரு பேசிகினுதான்யா கீறாரு" என்றாள். அப்போதுதான் மண்டைக்குள் இடது பக்கம் ஐஸ் உடைக்கிற மெஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஒரு கொய்ங்... அது மட்டும்தான், வேறு சத்தமே இல்லை, உலகத்தில் பாதியைக் கதவு போட்டு மூடிவிட்டார்கள். சளி அடைத்திருக்கும், உப்புத் தண்ணி போயிருக்கும் என்று ஆலிஸ் எண்ணெய் காய்ச்சி விட்டாள், மூன்று நாள். அந்த மூன்று நாளையும் மகிழினி டாக்டர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டது, "உடனே வந்திருக்கணுங்க" என்றது. எண்ணெய் விட்டவள் ஆலிஸ். சொல்லிக் காட்டவில்லை அவன். ஆனால் நினைக்காமல் இருக்க முடியுமா?

அந்த மூன்று நாளும் ஏலத்துக்குப் போனான், யாரிடமும் சொல்லவில்லை. செவிட்டு ஏலக்காரன் என்று பேர் கிளம்பினால் அவ்வளவுதான், மறுநாளே வேறு ஆள் நிற்பான். சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தான், ஏனென்றால் ஏலம் முழுக்கக் காது இல்லை, பாதி கண். பெரிய கைகள் கத்தமாட்டார்கள், வெளியூருக்கு மீன் ஏற்றுகிற மஜீது பாய் வாயே திறக்கமாட்டார், புருவத்தை ஒரு சுண்டு, அவ்வளவுதான் ஐம்பது ஏறிவிட்டது. அதை லியோனார்ட் நேராகவும் பார்க்கக் கூடாது, பார்த்தால் மற்றவன் உஷாராகிவிடுவான், கடைக்கண்ணால் பிடிக்க வேண்டும், இருபது வருஷத்தில் அவன் கடைக்கண் அப்படிப் பழுத்திருந்தது. கத்திக் கேட்கிறவர்கள் கூடைக்காரிகள்தான், அவர்கள் நிற்பது இடது பக்கம், ஐஸ் பெட்டி ஓரம், எப்போதுமே அங்கேதான். வியாழக்கிழமை வஞ்சிரம் கூறு. பாய் புருவம் ஏறியது, பார்த்தான், மூன்று தரம் கூவினான், பாய் பக்கம் கையைக் காட்டினான். இடது பக்கத்திலிருந்து ஃப்ளோரா அக்கா கூடையை எட்டி உதைத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றபோதுதான் அவள் வாய் திறந்திருப்பதே தெரிந்தது. "இன்னா லேனாடு, நானு தொண்ட கியியக் கத்திகினு கீறேன், ரெண்டு தபா ஏத்திக் கேட்டேன், ஒனுக்குக் கண்ணு மட்டுந்தான் கீதா, காது இல்லியா? பாய் புருவத்தத் தூக்குனா தெரியுது, கூடக்காரி கூவுனா வுழல, அப்டித்தானே? எப்போலேர்ந்துயா வெலை போன?" கூட்டம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கூடை தூக்குகிறவள், அவள் கேட்ட விலையை விட்டுவிட்டு அவன் ஒரு நாளும் வேறு பக்கம் கையைக் காட்டியதில்லை. காது கேட்கவில்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தொழில் போகும், சொல்லாவிட்டால் பேர் போகும், நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வாயை மூடிக்கொண்டு, திருட்டுப்பயல் மாதிரி... பேரைக் கொடுத்துவிட்டான். மறுநாள் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"இன்னாயா, பசிக்குதா? பன்னு எட்த்தாந்துகீறேன்." ஆலிஸ் பெஞ்சில் அவன் வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். இதுவும் ஒரு சங்கதி. கல்யாணத்தன்று கோயிலில் பீடத்துக்கு முன்னால் அவன் இடது பக்கம் நின்றவள், இருபத்திரண்டு வருஷமாக எங்கே போனாலும் இடது பக்கம்தான், பஸ்ஸில், பூசையில், கல்மண்டபம் மார்க்கெட்டில். காது போன மறுநாளிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் வலது பக்கம் மாறிவிட்டாள். அவள் நல்லதுக்குத்தான் மாறினாள் என்று நினைக்கத்தான் ஆசை, ஆனால் துரை வந்தால் மட்டும் ஏன் எழுந்து இடது பக்கம் போகிறாள்? துரை அவன் தோஸ்து, ஏலத்தில் சீட்டு எழுதுகிறவன், இப்போது இவனுக்குப் பதிலாக அவன்தான் கூவுகிறான், "நீ ரெஸ்ட் எடு மாமு, நான் பாத்துக்கறேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனவன். பார்த்துக்கொள்கிறானா, பிடித்துக்கொள்கிறானா? ஓனரிடம் காது விஷயம் சொல்லிவிட்டானா? போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வூட்டுக்கு வந்தான், இவன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இடது பக்கம் கதவோரம் நின்று ஆலிஸிடம் பேசினான், அரை மணி நேரம், திரும்பிப் பார்த்ததும் இரண்டு வாயும் மூடிக்கொண்டன. "இன்னா பேசுனீங்கோ?" "ஒன்னுமில்லயா, சும்மா." சும்மா பேசுகிறவர்களுக்குக் கண் கலங்குமா? ஆலிஸுக்குக் கலங்கியிருந்தது, அவன் பார்த்தான். நேற்றும் போனில் பேசினாள், இடது பக்கமாக நடந்துகொண்டே. எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள், இவனிடம் மறைக்க வேண்டுமென்றால் இரகசியமாகப் பேச வேண்டாம், இடது பக்கம் நின்றால் போதும்.

பேர் கூப்பிட்டார்கள். அவனுக்குக் கேட்டது, எந்தப் பக்கத்திலிருந்து என்றுதான் தெரியவில்லை, ஒற்றைக் காதுக்குத் திக்கு கிடையாது, எல்லாச் சத்தமும் ஒரே மூலையிலிருந்து வருகிறது. ஆலிஸ் முழங்கையைத் தொட்டு இடது வாசலைக் காட்டினாள். காது சோதிக்கிற அறைக்குள் ஒரு மரப்பெட்டி அறை, சுற்றிலும் துணி ஒட்டி, ஒரு கண்ணாடி ஜன்னல் வைத்தது, உள்ளே போனதும் வெளிச்சத்தம் எல்லாம் செத்துவிடும். டெஸ்ட் எடுக்கிற ஜானட் ராயபுரத்துக்காரப் பெண்தான், கோயிலில் பார்த்த முகம், ஆனால் சிரிக்காது. நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டிருந்தது, அவன் பார்வை சுவரில் இருக்க வேண்டும், மெஷினைப் பார்க்கக் கூடாது. காதில் கனமான ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தது. "சத்தம் சின்னதா கேட்டாலும் அமுத்துங்கண்ணா. நல்ல காதுல மழை பெய்யற மாதிரி எரைச்சல் வரும், அத வுட்டுடுங்க. பீப் வந்தா மட்டும்." கதவு மூடியது. வலது காதில் மழை தொடங்கியது. இடது பக்கம்... எதுவுமில்லை. காத்திருந்தான். மாதாவே, ஒன்றே ஒன்று, ஒரு கொசு அளவுக்கு. பதினோரு நாள் தின்ற மாத்திரைக்கு, தூங்காத ராத்திரிக்கு... மழைக்குப் பின்னால் அந்த ஐஸ் மெஷின் மட்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எழுதி வைத்தவள் ஜெயித்துவிட்டாள். கவருக்குள் இருப்பதுதான் நடக்கிறது, ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது, அவனுடைய ரத்தமே அவனுக்கு எதிராகப் போய்க் கை தூக்கியிருக்கிறது.

அப்போதுதான் கடைக்கண்ணில் அது பட்டது. அவன் தேடவில்லை, சத்தியமாகத் தேடவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஜானட்டின் தோள் லேசாக முன்னால் சாய்ந்தது, மோவாய் ஏறியது, கண் ஒரு தரம் அவனைத் தொட்டுவிட்டுக் கீழே போனது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும். தோள், மோவாய், கண். அது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, விலையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம் அது, காசிமேட்டில் தினம் நூறு தரம் பார்க்கிற முகம். மஜீது பாயின் புருவத்தோடு பார்த்தால் இது எவ்வளவோ தேவலை, இந்தப் பெண் மறைக்கவே தெரியாத வியாபாரி. அடுத்த தரம் மோவாய் ஏறியதும் கட்டைவிரல் தானாக அழுந்தியது. அவன் அழுத்தினான் என்று சொல்ல முடியுமா? விரல் அழுத்தியது. ஜானட் ஏதோ குறித்துக்கொண்டது. அப்புறம் நின்று நிதானமாகச் செய்தான், எல்லாவற்றுக்கும் அமுக்கினால் மாட்டிக்கொள்வான், ஏலத்தில் எல்லா விலைக்கும் தலையாட்டுகிறவனை எவன் நம்புவான்? இரண்டை விட்டான், மூன்றாவதைப் பிடித்தான், ஒரு தடவை வேண்டுமென்றே தயங்கித் தயங்கி அமுக்கினான். நடுவில் ஜானட் மெஷினில் கை வைக்காமலே அவனை நிமிர்ந்து பார்த்தது, தோள் அசையவில்லை, பொய் விலை, ஏமாறுவானா, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மனசுக்குள் ஒரு குஷி வந்ததே, பதினோரு நாளில் முதல் தடவையாக. எழுதி வச்சீங்களா, மடிச்சு ஒட்டினீங்களா, இப்ப எடுத்துப் படிங்க. காசிமேட்டுக்காரன் கூறைக் கூவாமலே முடிப்பான். மழை நின்றதும் ஜானட் கதவைத் திறந்து, அவன் முகத்துக்கு நேராக, முதல் தடவையாகச் சிரித்தது. "பரவால்லண்ணா, நல்லாவே ஏறிக்கீது."

மகிழினி டாக்டர் அந்தக் கோடு போட்ட தாளைப் பார்த்தது, பழைய தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது, மறுபடி புதுத் தாளை. லியோனார்ட் அந்த முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான், தோற்றவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்க்க வேண்டும், அதற்காகத்தானே இவ்வளவும். அது சுருங்கவில்லை. நோட்டிலிருந்து கவரை எடுத்துக் கிழித்து, உள்ளே இருந்த சீட்டை அவனிடமே காட்டிச் சிரித்தது. "பாத்தீங்களா, கஷ்டம்னு எழுதி வச்சிருந்தேன். டெஸ்ட் எடுக்கிறவங்களுக்குத் தெரிஞ்சா அவங்க மனசு ஒரு பக்கம் சாஞ்சிடும்னுதான் கவர்ல போட்டு ஒட்டுறது. என் கணக்கு உங்ககிட்ட தோத்துப்போச்சுங்க. ரொம்ப சந்தோஷம்." உண்மையாகவே சந்தோஷப்பட்டது, கண் வரைக்கும் வந்த சந்தோஷம், அதை நடிக்க முடியாது, அவனுக்குத் தெரியும். அப்புறம் அலமாரியைத் திறந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தது, அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி லியோனார்ட் என்று எழுதியிருந்தது. "மாத்திரைக்கு மசியாத காதுக்கு இதுதான் அடுத்த வழி. காது ஜவ்வு வழியா உள்ளேயே ஊசி போடுறது, சீக்கிரம் போட்டாத்தான் பலன், நாள் தள்ளிட்டா ஒண்ணும் பண்ண முடியாது. எல்லாருக்கும் போட முடியாதுங்க, யாருக்குத் தேவைப்படும்னு முன்னாடியே தெரிஞ்சா மருந்தை எடுத்து வச்சிடலாம் இல்லையா, அதுக்குத்தான் இந்த ரத்த ஆராய்ச்சியே. உங்க கணக்கைப் பார்த்த அன்னைக்கே சார்கிட்ட கேட்டு வாங்கி வச்சிட்டேன். நாளைக்கு லிஸ்ட்ல முதல் பேர் உங்களுது. இனி வேணாம்." லிஸ்டில் சிவப்பு மையால் அவன் பேரை அடித்தது, பெட்டியின் மேலிருந்த பிளாஸ்திரியை நகத்தால் உரித்தது.

இப்போது சொல்லிவிடலாம். இப்போதே, டாக்டரம்மா, நான் கேட்டு அமுக்கலே, பார்த்து அமுக்கினேன்... இதிலென்ன வெட்கம்? ஆனால் எப்படிச் சொல்வது, என்ன என்று ஆரம்பிப்பது, நீங்க என்னைத் தோற்கடிக்கப் பாக்குறீங்கன்னு நெனச்சேன் என்றா? அந்தப் பெண் நோட்டில் அவன் ரத்தக் கணக்கு இருந்த வரிக்கு நேராக 'காது திரும்பியது' என்று எழுதிக்கொண்டிருந்தது, நாளைக்கு இதே கணக்கோடு வேறெவனாவது வருவான், இந்த வரியைப் பார்த்துவிட்டு அவனுக்கு மருந்து எடுத்து வைக்காமல் விடுவார்களோ? ஃப்ளோரா அக்கா கேட்டாளே, எப்போலேர்ந்துயா வெலை போன... வாயைத் திறந்தான். கதவைத் தள்ளிக்கொண்டு கியூ உள்ளே வந்துவிட்டது, ஒரு கிழவரும் அவர் மகளும், டாக்டர் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது. "மாத்திரைய இந்தச் சீட்டுல உள்ள மாதிரி கொஞ்சங்கொஞ்சமா குறைச்சு நிறுத்திடுங்க. போய்ட்டு வாங்க, சார்." சார் என்று சொன்னது, பதினோரு நாளில் முதல் தடவை. கால் அதுவாக வெளியே வந்துவிட்டது.

ஆலிஸுக்கு ஒன்றும் சொல்லவே தேவைப்படவில்லை, ஜானட் முன்னாலேயே சொல்லிவிட்டிருந்தது போல. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், அப்புறம் சிலுவை போட்டுக்கொண்டாள், அப்புறம் அத்தனை பேர் நடுவில் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள், காலர் நன்றாகத்தான் இருந்தது. "பன்னத் துன்னுயா மொதல்ல" என்று அதட்டினாள். தின்றான். நடைக்கூடத்தின் கடிகாரத்தில் பன்னிரண்டே கால். டாக்டர்கள் ஒரு மணி வரைக்கும் இருப்பார்கள். முக்கால் மணி நேரம் இருக்கிறது, திரும்பிப் போய் ஒரு நிமிஷம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் தரமாட்டார்களா? இவளிடம் முதலில் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாப் வருவதற்குள் சொல்லிவிடலாம். இல்லை, கேட் வருவதற்குள். பிளாஸ்திரியை உரித்த பெட்டி இப்போது அந்தக் கிழவருக்குப் போயிருக்குமோ?

மர நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்தபோதுதான் கவனித்தான், வலது பக்கம் ஆள் இல்லை. ஆலிஸ் இடது பக்கம் வந்திருந்தாள். எப்போது மாறினாள்? நினைத்து மாறின மாதிரியே இல்லை, கால் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது, இருபத்திரண்டு வருஷத்து இடம், கை அவன் முழங்கைக்குள் நுழைந்திருக்கிறது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து பேசிக்கொண்டிருந்தாளோ, மண்டைக்குள் ஐஸ் மெஷின், வலது காதில் ஹாரன், ஷேர் ஆட்டோக்காரன் டோல்கேட் டோல்கேட் என்று கத்துகிறான், இவள் வாய் மட்டும் அசைகிறது. கடைக்கண்ணால் பார்த்தான். துரை என்று உதடு குவிந்த மாதிரி இருந்தது. மறுபடியும், துரை. அப்புறம் ஓனரு? அப்புறம் கண் கலங்கி, அன்றைக்குக் கதவோரம் கலங்கின அதே மாதிரி, ஆனால் சிரித்துக்கொண்டே எதையோ நீளமாகச் சொல்கிறாள், கையை விரித்துக் காட்டுகிறாள், இத்தனை நாள் பொத்தி வைத்ததை, இவன் காது சரியாகட்டும் சொல்லலாம் என்று வைத்திருந்ததை எல்லாம் இப்போது கொட்டுகிறாள், இவன் எதைக் கேட்பதற்காகப் பதினோரு நாள் ராத்திரி முழித்துக் கிடந்தானோ அது அத்தனையும் இடது பக்கம் வந்து விழுந்துகொண்டிருக்கிறது. துரை நல்லது செய்தானா, கெட்டது செய்தானா? அதுகூடத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் நல்லது மாதிரிதான்... ஆனால் இவள் நல்லதுக்கும் அழுவாள். நில்லு ஆலிசு, இந்தப் பக்கம் வா, என்று சொன்னால் போதும், ஒரே ஒரு வார்த்தை, அதைச் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி.

கேட்டுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள். பேச்சு முடிந்துவிட்டது, ஏதோ கேட்டிருக்கிறாள், பதிலுக்காக மோவாயைத் தூக்கி, கண்ணால் அவனை ஒரு தரம் தொட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்த முகம் அவனுக்குத் தெரியும். கையில் ஒன்றுமில்லை, மாத்திரைச் சீட்டுதான் இருந்தது, ஆனாலும் அவன் யோசித்து முடிப்பதற்குள் கட்டைவிரல் அதன்மேல் அழுந்திவிட்டது.